‘சங்கம்’ இசைத்தட்டு: முகப்பில் இரண்டு பெயர்கள், உள்ளே மூன்றாமவர்

மேற்குத் தில்லியின் ஜனக்புரியில் 2014இல் திறக்கப்பட்ட தில்லி ஹாட் அங்காடி, இசையைக் கருப்பொருளாகக் கொண்டு அமைக்கப்பட்டது. 1994இல் ஐ.என்.ஏ. பகுதியிலும் 2008இல் பீதம்புராவிலும் எழுந்த முன்னிரண்டு ஹாட்டுகளுக்குக் கைவினைப் பொருளும் உணவுமே முகவரி. மூன்றாவதற்கு மட்டும் இசை. தலைநகரின் நிருவாகம் இசைக்கென ஓர் அங்காடியை ஒதுக்கியது பாராட்டத்தக்கதே. ஆனால் தில்லி உலகுக்குத் தந்த இசை எது என்று கேட்டால், விடை ஜனக்புரியின் அகன்ற சாலைகளிலன்றிப் பழைய தில்லியின் குறுந்தெருக்களில்தான் கிடைக்கும். தபலா என்னும் இணைக்கொட்டின் முதல் வாசிப்பு மரபு பிறந்த நகரம் அது. அம்மரபில் வந்த ஒருவர் 1978இல் பாரிசில் வாசித்துப் பதிவான ஓர் இசைத்தட்டு, முப்பது ஆண்டுகள் கழித்து அதே நகரிலிருந்து மீண்டும் அச்சாகி வந்தது. அந்தத் தட்டின் கதை தில்லியின் கதையும் ஆகும்; ஒரு வகையில் இன்றைய ஜனக்புரியின் கதையும் ஆகும்.

தட்டின் பெயர் ‘மியூசிக்/சங்கம்’. வாசித்தவர்கள் இருவர். ஒருவர் டான் செர்ரி: 1936இல் ஓக்லஹோமா நகரில் பிறந்து லாஸ் ஏஞ்சலிஸில் வளர்ந்த கறுப்பின அமெரிக்க டிரம்பெட் கலைஞர். மற்றவர் உஸ்தாத் லத்தீப் அகமது கான்: தில்லி கரானாவின் தபலா கலைஞர். பதிவு 1978இல் நடந்தது. யூரோப்பா என்னும் சிறிய நிறுவனத்தின் வழியாக 1982இல் வெளிவந்தது. பிறகு பல்லாண்டுகள் அரும்பொருள் சேகரிப்போரிடம் மட்டுமே கைமாறிக்கொண்டிருந்தது. 2000களின் இறுதியில் பாரிசின் ஹெவன்லி ஸ்வீட்னெஸ் நிறுவனம் அதனை மீண்டும் வெளியிட்ட பின்னரே புதிய தலைமுறை அதனைக் கேட்டது.

பெயரைப் பற்றி ஒரு சொல். தமிழர் காதில் ‘சங்கம்’ என்றால் புலவர் அவை நினைவுக்கு வரும், போனால் தொழிற்சங்கம். இந்திச் சொல்லின் பொருள் வேறு; ஆறுகள் கலக்குமிடம். நம் வழக்கில் கூடல், கூடுதுறை. பவானியில் காவிரியும் பவானியும் கூடுமிடத்தில், கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஆறு ஒன்றும் வந்து சேர்வதாக ஊரார் சொல்வர். பிரயாகையிலும் அதே நம்பிக்கை. இந்தத் தட்டிலும் மூன்றாவது ஆறு ஒன்று உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

டான் செர்ரியின் பெயர் இசை வரலாற்றில் நிலைத்தது ஆர்னெட் கோல்மனோடு அவர் சேர்ந்து வாசித்த நாள்களால். 1950களின் இறுதிவரை ஜாஸ் இசையில் ஒரு பாட்டின் சுரக்கூட்டுகள் வரிசையாகச் சுழன்றுகொண்டே இருக்கும். வாசிப்பவர் அந்தச் சுழலுக்குள் நின்றே கற்பனை செய்வார். கோல்மன் அந்தச் சுழலைக் கைவிட்டார். மெட்டின் மனநிலை எங்கே இட்டுச் செல்கிறதோ அங்கே செல்வது, உடன் வாசிப்பவரின் மூச்சைக் கேட்டு அடுத்த அடியை வைப்பது என்பது அவர் கொள்கை. 1960 டிசம்பர் 21 அன்று, நால்வர் கொண்ட இரண்டு குழுக்களை ஒரே நேரத்தில் வாசிக்கவிட்டு அவர் பதிவுசெய்த முப்பத்தேழு நிமிடத் தட்டுக்கு ‘ஃப்ரீ ஜாஸ்’ என்றே பெயர். அந்த எண்மரில் செர்ரியும் ஒருவர். அந்தத் தட்டின் பெயரே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று.

இந்த விடுதலை இசையாளர்கள் ஐரோப்பியச் சுரக்கூட்டு இலக்கணத்தை விட்டு வெளியேறியபோது எங்கே போவது என்ற கேள்வி எழுந்தது. பெரும்பாலோர் ஒரே நேரத்தில் இரண்டு திசைகளை நோக்கினர்: ஆப்பிரிக்கா, இந்தியா. ஜான் கோல்ட்ரேன் 1961 நவம்பரில் நியூயார்க்கில் ‘இந்தியா’ என்ற உருப்படியை வாசித்துப் பதிவுசெய்தார்; மகனுக்கு ரவிசங்கரின் பெயரை வைத்தார். அவரே நைஜீரியக் கொட்டுக் கலைஞர் பாபாதுண்டே ஒலாதுஞ்சி ஹார்லெமில் தொடங்கிய ஆப்பிரிக்கப் பண்பாட்டு மையத்துக்குத் துணைநின்றார். 1967 ஏப்ரலில், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், அந்த மையத்தில்தான் வாசித்தார். அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் 1971இல் வெளியிட்ட தட்டின் பெயர் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’. அந்தச் சச்சிதானந்தர் கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்த தமிழர் என்பதை அத்தட்டைக் கொண்டாடும் தமிழ் இளைஞர்களில் பலர் அறியார்.

இந்தியாவிலும் இதற்கு முன்னோட்டம் இருந்தது. 1955இல் அலி அக்பர் கானோடு அமெரிக்கா சென்ற சதுர் லால், மேலைநாட்டவர்க்குத் தபலாவை அறிமுகம் செய்தவர்களில் முதன்மையானவர். 1958இல் டேவ் புரூபெக் குழு சென்னைக்கு வந்தபோது புதுக்கோட்டைப் பாணியின் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு கூடி வாசித்தது. 1963இல் டியூக் எல்லிங்டன் அமெரிக்க அரசின் செலவில் தில்லிக்கு வந்தார். நோயுற்று மருத்துவமனையில் படுக்கவும் நேர்ந்தது. பின்னர் வந்த அவருடைய ‘ஃபார் ஈஸ்ட் சூட்’ தொகுப்பில் தில்லியின் மைனா ஒன்று ஓர் உருப்படியாக இடம்பெற்றுள்ளது. இவை யாவும் விருந்தினர் வருகைகள். வந்தார்கள், கேட்டார்கள், மெச்சினார்கள், போனார்கள். செர்ரியின் வழி வேறு. அவர் மாணவராக வந்தார்.

1960 முதல் 1970 வரை தில்லிப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்த கிரானா கரானாப் பாடகர் பண்டிட் பிராண்நாத், 1970இல் நியூயார்க் சென்றார். அங்கு அவரிடம் கற்றோர் வரிசையில் டெர்ரி ரைலியும் லா மாண்ட் யங்கும் புகழ்பெற்றவர்கள். செர்ரியும் அவரிடம் பயின்றார். ஆகவே 1978இல் லத்தீப் கானின் எதிரில் அமர்ந்தபோது, தில்லியின் இசையோடு செர்ரிக்கு ஏற்கெனவே ஓர் உறவு இருந்தது. ஒரு சுரத்தில் நின்று, அதன் இருபுறமும் தடவிப் பார்த்து, அவசரமின்றி அடுத்ததை அணுகும் கிரானாப் பழக்கம் அவருடைய சின்னஞ்சிறு ‘பாக்கெட்’ டிரம்பெட்டின் ஒலியிலும் தென்படுகிறது.

தபலாவை அமீர் குஸ்ரோ கண்டுபிடித்தார் என்ற கதை இன்றும் பள்ளி மேடைகளில் சொல்லப்படுகிறது. அதற்குச் சான்று இல்லை. குஸ்ரோ மறைந்தது 1325இல். தபலாவைப் பற்றிய உறுதியான செய்திகள் கிடைப்பது 18ஆம் நூற்றாண்டில்தான். முகம்மது ஷா (1719–1748) ஆட்சிக்காலத் தில்லியில் அக்கருவி வளர்ந்தது. சித்தார் கான் என்பவரை முதல் ஆசானாகத் தில்லி கரானா கொள்கிறது. நாதிர் ஷா 1739இல் நகரைச் சூறையாடிய காலத்தை ஒட்டி, தர்கா குலி கான் பாரசீகத்தில் எழுதிய தில்லிக் குறிப்புகளைப் படிப்போர் ஒன்றைக் கவனிக்கலாம்: இரத்தம் காயாத அந்நகரில் பாடகரும் நடனக்காரரும் கொட்டுக் கலைஞரும் எத்தனை பேர் இருந்தனர் என்பதை. பின்னர் சித்தார் கானின் பேரர்கள் இலக்னோவுக்குச் சென்று அங்கொரு கரானாவைத் தோற்றுவித்தனர். மீரட் அருகே அஜ்ராடா என்ற சிற்றூரின் பெயரில் மற்றொன்று கிளைத்தது. பஞ்சாப் கரானாவைத் தவிர்த்து, ஏனைய மரபுகள் நேராகவோ சுற்றியோ தில்லியிலிருந்து கிளைத்தவையே.

பஞ்சாப் கரானா தனித்து நிற்பதற்குக் காரணம் அதன் வேர் பக்காவாஜில் இருப்பது. திறந்த உள்ளங்கை, அதிரும் ஒலி, அரங்கை நிறைக்கும் வேகம் என அதன் அழகு ஒரு வகை. உலகம் அறிந்த தபலா அதுதான். ஏனெனில் அல்லா ரக்காவும் ஜாகிர் உசேனும் அந்த மரபினர். தில்லியின் வாசிப்பு இதற்கு நேர்மாறு. அதற்கு ‘இரண்டு விரல் வாசிப்பு’ என்றே ஒரு பெயர் உண்டு. ஆள்காட்டி விரலும் நடுவிரலுமே பெரும்பகுதி வேலையைச் செய்கின்றன. வலக்கைக் கொட்டின் விளிம்பில் விழும் கூர்மையான தட்டே அதன் உயிர். ‘கினார்’ என்னும் விளிம்பின் பெயராலும் அவ்வாசிப்பு அழைக்கப்படுகிறது. ஒலி குறைவு, தெளிவு மிகுதி. மிருதங்கத்தில் தஞ்சாவூர்ப் பாணி, புதுக்கோட்டைப் பாணி என்று வேறுபாடு பேசும் தமிழ் இரசிகர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

தில்லி மரபின் மற்றொரு கொடை ‘காயிதா’. ஒரு சிறு சொற்கட்டை எடுத்துக்கொள்வது. அதில் உள்ள சொற்களை மட்டுமே கொண்டு, வெளியிலிருந்து ஒரு சொல்லும் கடன் வாங்காமல், வரிசை மாற்றி, மடக்கி, நீட்டி, பத்து இருபது வடிவங்கள் பின்னுவது. ‘காயிதா’ என்றால் விதி, ஒழுங்கு. ஃப்ரீ ஜாஸ் கட்டறுத்த இசை என்றும், காயிதா கட்டுக்குள் அடங்கிய இசை என்றும் மேலோட்டமாகச் சொல்லலாம்; சொன்னால் தவறாகிவிடும். கோல்மனின் குழுவினரும் ஒரு சிறு மெட்டைப் பிடித்துக்கொண்டு அதனையே உடைத்துத் திருப்பிக் கட்டுகிறார்கள். இரண்டிலும் முதல் விதை சிறியது. அதனைக் கேட்பவர் மறக்காத அளவுக்கு அருகிலும், சலிக்காத அளவுக்குத் தொலைவிலும் கொண்டுசெல்வதுதான் கலை. லத்தீப் கான் இம்மரபின் பெரிய ஆசான்களான காமி கான், அவர் மகன் இனாம் அலி கான் ஆகியோரின் வழிவந்தவர். செர்ரிக்கு வாய்த்தது தபலா என்னும் ஒரு கருவி மட்டுமன்று. தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் கைமாறிய ஒரு நூலகம்.

செர்ரிக்குக் கொட்டுக் கலைஞர் ஒருவரோடு தனித்து வாசிப்பது புதிதன்று. 1969 ஆகஸ்டில் அதே பாரிசில் எட் பிளாக்வெல்லுடன் அவர் பதிவுசெய்த ‘மு’ என்ற இரு தட்டுகளும் அப்படிப்பட்டவை. நியூ ஆர்லியன்சில் பிறந்த பிளாக்வெல் 1967இல் ராண்டி வெஸ்டன் குழுவோடு ஆப்பிரிக்காவில் பயணம் செய்து, அங்குக் கேட்ட பன்முகத் தாளங்களைத் தம் கொட்டுத் தொகுதிக்குள் கொண்டுவந்தவர். ‘மு’வில் பிளாக்வெல் இருந்த இடத்தில் ‘சங்க’த்தில் லத்தீப் கான் இருக்கிறார். எனினும் இரண்டாம் தட்டு முதலாவதைப் போல் ஒலிக்கவில்லை. பிளாக்வெல் வெளியை நிரப்புகிறார். லத்தீப் கான் வெளியை அளக்கிறார். தில்லி வாசிப்பின் அடங்கிய ஒலி, செர்ரியின் மூச்சுக்கும் குரலுக்கும் இடம் விட்டு நிற்கிறது.

வாசிப்போர் இருவரே ஆயினும் கேட்பவை பல கருவிகள். டிரம்பெட், குழல், விசைப்பலகை, குரல், சிறு தாளக்கருவிகள் எனச் செர்ரி ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிவுசெய்த ஒலிகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. மூன்றாவது ஆறு இங்கேதான் வந்து சேர்கிறது: ‘டொன்சோ ங்கோனி’ என்னும் மேற்காப்பிரிக்கக் கருவி.

மாண்டிங் மொழிகளில் டொன்சோ என்றால் வேட்டுவர். ங்கோனி என்றால் நரம்புக்கருவி. வேட்டுவர் யாழ் என்றே தமிழில் சொல்லிவிடலாம். மாலி, கினி, புர்க்கினா ஃபாசோ, ஐவரி கோஸ்ட் ஆகிய நாடுகளின் வேட்டுவர் குழுக்களுக்கு உரியது. பெரிய சுரைக்குடுக்கை, அதன்மேல் இழுத்துக் கட்டிய தோல், நீண்ட தண்டு, இரு வரிசையாக ஆறு நரம்புகள். தண்டின் நுனியில் வளையங்கள் கோத்த உலோகத் தகடு ஒன்று இருக்கும். நரம்பைத் தெறிக்கும்போதெல்லாம் அது சலசலக்கும். பாட்டுக்கருவியும் தாளக்கருவியும் ஒரே உடம்பில் வாழ்கின்றன. சங்க இலக்கியம் பயின்றவர்க்கு இந்தக் கருவி அயலாகத் தோன்றாது. பத்தர், அதன்மேல் தோற்போர்வை, நரம்பைத் தண்டில் கட்டும் திவவு எனப் பொருநராற்றுப்படை விரித்துரைக்கும் யாழின் உறுப்புகளோடு இதனை ஒப்புநோக்கலாம். பெரும்பாணாற்றுப்படையின் இடையன் குமிழங் கொம்பை வளைத்து மரல் நாரைக் கட்டிச் செய்துகொண்ட வில்யாழும் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் வரலாற்று உறவு கற்பிக்க வேண்டியதில்லை. காட்டோடு வாழ்ந்த மக்கள் சுரையையும் தோலையும் நாரையும் கொண்டு எங்கும் ஒத்த முடிவுகளுக்கு வந்திருக்கிறார்கள்; அவ்வளவே.

இக்கருவி எளிதில் அயலார் கைக்குப் போவதில்லை. வேட்டுவரின் வீரத்தையும் அவர் காட்டில் எதிர்கொண்ட ஆற்றல்களையும் பாடுவதற்கு உரியது என்பதால் அதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. வாசுலு வட்டாரத்து இளைஞர்கள் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஊர்க் கேளிக்கைக்கென இதே வடிவில் ‘இளைஞர் யாழ்’ ஒன்றைச் செய்துகொண்டபோது மூத்தோர் முகம் சுளித்தனர். 1989இல் ஊமு சங்காரே தம் முதல் தொகுப்பால் உலகறியச் செய்த இசை அந்த இளைய கருவியின் வழியே வந்தது.

அப்படியானால் செர்ரிக்கு அது எப்படிக் கிடைத்தது? சுவீடன் நாட்டு இசைக்கலைஞர் கிறிஸ்டர் போத்தேன் 1970களின் தொடக்கத்தில் மாலிக்குச் சென்று, ப்ரூமா டோபியா என்னும் வேட்டுவ இசை ஆசானிடம் அதனைக் கற்றார். திரும்பியவர் அதனைச் செர்ரிக்குக் கற்பித்தார். அப்போது செர்ரி, மனைவி மோக்கியோடு தென் சுவீடனின் தோகார்ப் என்ற ஊரில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் வாழ்ந்துவந்தார். வாசுலுக் காட்டிலிருந்து சுவீடன் பள்ளிக்கூடத்துக்கு, அங்கிருந்து பாரிஸ் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு என்பது அதன் தடம். ‘சங்கம்’ பதிவான அதே 1978இல் காலின் வால்காட், நானா வாஸ்கான்செலோஸ் ஆகியோருடன் செர்ரி தொடங்கிய ‘கொடோனா’ மூவர் குழுவிலும் இந்த யாழ் உண்டு. அல்லா ரக்காவிடம் தபலா பயின்ற வால்காட்டின் சித்தாரோடும், பிரேசிலின் வில்வாத்தியமான பெரிம்பாவோடும் அது அங்கே கூடுகிறது.

இங்கே ஒன்றை நின்று பார்க்கத் தோன்றுகிறது. ‘சங்கம்’ தட்டில் இந்தியா ஓர் ஆளாக வந்திருக்கிறது. அவருக்குப் பெயர் உண்டு, உஸ்தாத் என்ற மதிப்பு உண்டு, கரானா உண்டு. தட்டின் முகப்பில் செர்ரியின் பெயரோடு அவர் பெயரும் நிற்கிறது. ஆப்பிரிக்காவோ ஒரு கருவியாக வந்திருக்கிறது. டோபியாவுக்கும் ஓர் ஆசான் இருந்திருப்பார்; அவருக்கு முன்னும் ஒரு வரிசை இருந்திருக்கும். லத்தீப் கானுக்குக் காமி கான் எப்படியோ அப்படி. ஆனால் தட்டைக் கையில் எடுப்பவர்க்கு அந்த வரிசை தெரியாது. இத்தகைய இசைத்தட்டுகளை விற்போர் ‘ஆப்பிரிக்கத் தாளக்கருவிகளுடன்’ என்று ஒரே அடைமொழியில் முடித்துவிடுவது வழக்கம். ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் கொண்ட கண்டத்தின் எந்த மூலை, எந்த மக்கள், யாருடைய கை என்ற வினா எழுவதே இல்லை. ‘இந்தியக் கொட்டுடன்’ என்று எழுதிவிட்டுத் தபலாவா மிருதங்கமா என்று சொல்லாமல் விட்டால் நாம் சினம் கொள்வோம்.

செர்ரியைக் குறை சொல்ல இது போதாது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியிலிருந்து வெளியேறிய ஜானி டையானியோடும் டாலர் பிராண்டோடும் அவர் தோளோடு தோள் நின்று வாசித்தவர். அவர்களுடைய பெயர்கள் அந்தத் தட்டுகளில் உள்ளன. ஆப்பிரிக்காவிலிருந்து பிடுங்கிக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்த ஒருவர் அக்கண்டத்தின் யாழைக் கையிலெடுக்க எவரிடமும் சான்றிதழ் பெற வேண்டியதில்லை என்றும் வாதிடலாம். அவ்வாதத்தில் வலு உண்டு. சிக்கல் கலைஞரிடம் இருப்பதைவிட, பதிவு என்னும் தொழிலிடம் மிகுதியாக இருக்கிறது. ஒலிப்பதிவுக்கூடத்துக்கு விமானத்தில் வந்து சேர முடிந்தவருக்குப் பெயர் கிடைக்கிறது. தம் கைவித்தையை மட்டும் அனுப்பிவைத்தவருக்குக் கிடைப்பதில்லை. 1991இல் மிக்கி ஹார்ட் ‘பிளானட் டிரம்’ தொகுப்பை உருவாக்கியபோது நைஜீரியாவின் ஒலாதுஞ்சியும் சிக்கிரு அடெப்போஜுவும், நம் கடம் வித்வான் விக்கு விநாயக்ராமும், ஜாகிர் உசேனும் ஒரே கூடத்தில் அமர்ந்தார்கள். அங்கே கண்டங்கள் ஆள்களாக வந்தன. பதிமூன்று ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் அது.

மறுவெளியீடு இதனைச் சரிசெய்கிறதா? இசைத்தட்டின் மறுவாழ்வு இன்று பெரு வணிகம். அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டில், 1980களுக்குப் பின் முதன்முறையாக, இசைத்தட்டு விற்பனையின் வருவாய் குறுந்தட்டினதை விஞ்சியது. பழைய ஒலிநாடாவைத் தேடிப் பிடிப்பது, உரிமையாளரை அல்லது அவர் வாரிசுகளைக் கண்டறிவது, புதிதாக வார்ப்பு வெட்டுவது, சில நூறு அல்லது சில ஆயிரம் படிகள் அச்சிடுவது என்று இத்தொழிலுக்கு ஒரு நடைமுறை உண்டு. அதன் மிகச் சிறந்த பணி அட்டையின் உட்புறத்தில் நடைபெறுகிறது: முதல் வெளியீட்டில் விடுபட்ட பெயரைச் சேர்க்கவும், கருவியின் பெயரைத் திருத்தவும், யார் யாரிடம் கற்றார் என்று சொல்லவும் அங்கே இடம் இருக்கிறது. 2021இல் நியூயார்க்கின் பிளாங்க் ஃபார்ம்ஸ் அமைப்பு செர்ரி இணையரின் வாழ்வையும் பணியையும் பற்றிய பெருந்தொகுதி ஒன்றை வெளியிட்டது. போத்தேனின் நினைவுகள் அதில் இடம்பெற்றன. அவற்றின் வழியே மாலி ஆசானின் பெயரும் பலருக்குத் தெரியவந்தது. சேகரிப்போரின் மொழியில் இத்தகைய தட்டுகள் ‘தொலைந்து கிடைத்த புதையல்’. யாருக்குத் தொலைந்தது என்பதை அம்மொழி சொல்வதில்லை. தில்லி கரானாவின் பிள்ளைகள் தங்கள் காயிதாக்களை எங்கும் தொலைத்திருக்கவில்லை.

தில்லியில் இதனைக் கேட்க விரும்புவோர் நிலை வேறு. ஜும்மா மசூதியை ஒட்டிய மீனா பஜாரிலும் சாந்தினி சௌக்கிலும் பழைய இசைத்தட்டுக் கடைகள் இன்றும் உண்டு. லத்தீப் கானின் மரபு முன்னூறு ஆண்டுகளாகப் புழங்கிய தெருக்கள் அவற்றுக்குக் கூப்பிடு தொலைவில் இருக்கின்றன. ஆயினும் பாரிசில் அச்சான தட்டு யூரோ விலையில், சுங்கமும் கப்பற்கூலியும் சேர்ந்தே இந்நகருக்கு வந்து சேர வேண்டும்.

ஆப்பிரிக்கரும் அவர் கொட்டும் தில்லிக்குப் புதியவர்கள் அல்லர். 13ஆம் நூற்றாண்டில் ரஸியா சுல்தானின் அவையில் உயர்பதவி வகித்த யாகூத் ஓர் அபிசீனியர். குசராத்தின் ரத்தன்பூரில் பாவா கோர் தர்காவைச் சூழ்ந்து வாழும் சித்தி மக்கள், முகர்மான் என்னும் காலுள்ள பெருங்கொட்டையும், மலுங்கா என்னும் வில்வாத்தியத்தையும் பல நூற்றாண்டுகளாக இந்திய மண்ணிலேயே வாசித்து வருகின்றனர். மலுங்காவும் நானா வாஸ்கான்செலோஸின் பெரிம்பாவும் ஒரே கண்டத்துத் தாயின் பிள்ளைகள். ஒன்று இந்தியப் பெருங்கடல் வழியாகக் கிழக்கே வந்தது, மற்றது அட்லாண்டிக் வழியாக மேற்கே போனது. இரண்டையும் சுமந்தவை பெரும்பாலும் அடிமைக் கப்பல்கள்.

இன்றைய வருகை வேறு வகையானது. படிப்புக்கும் வணிகத்துக்கும் மருத்துவத்துக்கும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தோர் மேற்குத் தில்லியில் உத்தம் நகர், விகாஸ்புரி, ஜனக்புரி வட்டாரங்களில் வாடகை வீடுகளில் வாழ்கின்றனர். அவர்கள் நடத்தும் சிறு கிறித்தவ சபைகளில் பாட்டும் கொட்டும் உண்டு. இதே ஜனக்புரியில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இயங்குகிறது. அரசுப் பணிக்காகத் தென்னாட்டிலிருந்து வந்த குடும்பங்கள், ‘மதராசி’ என்ற ஒற்றைச் சொல்லால் நான்கு மொழியினரும் ஒன்றாகக் கட்டப்பட்ட காலத்தைக் கடந்து, தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க நிலைநிறுத்திய கல்வி மரபு அது. ஒரு பெருநிலத்தை ஒரே அடைமொழியில் முடித்துவிடும் வழக்கத்தை அக்குடும்பங்களின் மூத்தோர் தம் உடம்பில் அறிவார்கள்.

2014 செப்டம்பர் 28 அன்று ராஜீவ் சௌக் மெட்ரோ நிலையத்தில் ஆப்பிரிக்க மாணவர் மூவரை ஒரு கும்பல் அடித்தது. காவலர் நிற்கும் கண்ணாடி அறைக்குள் அவர்கள் புகுந்துகொண்ட பின்னும் அடி ஓயவில்லை. சுற்றி நின்றோர் கைப்பேசியில் படம் எடுத்தனர், முழக்கமும் எழுப்பினர். மாணவர்கள் கபோன், புர்க்கினா ஃபாசோ நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஜனக்புரியில் இசைக்கான அங்காடி திறக்கப்பட்ட அதே ஆண்டு அது. புர்க்கினா ஃபாசோ வேட்டுவர் யாழ் வழங்கும் நாடுகளுள் ஒன்று. ராஜீவ் சௌக்கில் நீலத்தட வண்டியில் ஏறினால், இடையில் மாறாமல் ஜனக்புரி மேற்கில் இறங்கலாம்.